குழி மண்ணில் சுவர், பழைய ஓட்டில் கூரை

2023 கார்த்திகை மழையில் எங்கள் தாத்தா வீட்டின் பின்கட்டு விழுந்தது. வானூர் வட்டத்தில், செம்மண் பூமியில் இருக்கும் ஓட்டு வீடு அது. முன்கட்டில் அம்மா இருக்கிறார். பின்கட்டில் பழைய சாமான்கள் மட்டும்தான் கிடந்தன என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் வடிந்ததும் ஜேசிபிகாரர் வந்து பார்த்தார். "ரெண்டு மணி நேரம் தம்பி, மொத்தத்தையும் வாரிப் பள்ளத்துல கொட்டிடலாம்" என்றார். நானும் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா குனிந்து ஒரு செங்கல்லை எடுத்து இன்னொன்றின் மேல் தட்டினார். ஒட்டியிருந்த மண் சாந்து பொலபொலவென்று உதிர்ந்து, கல் முழுசாகக் கையில் நின்றது. "இதையா கொட்டப்போற?" என்றார்.

ஜேசிபியைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஒரு ஆளும் இரண்டு சித்தாள்களும் 11 நாள் உட்கார்ந்து பிரித்தார்கள். 2,600 முழுச் செங்கல், 340 சீமை ஓடு, இரண்டு தேக்கு நிலை, கடைக்காலில் இருந்த கருங்கல் இரண்டு லோடு. கூரையைத் தாங்கிய பனைமரச் சட்டங்களான 19 பனங்கைகளில் 12 கரையானுக்குப் போயிருந்தன. வைரம் பாய்ந்த 7 மட்டும் தேறின. கூலி 20,000 ரூபாய்க்குள் முடிந்தது. அந்த எண்ணிக்கையில் புதுச் செங்கல் வாங்கினாலே ஏறத்தாழ அவ்வளவு ஆகியிருக்கும், ஆகவே செங்கல்லில் பெரிய லாபம் இல்லை. ஓடும் கருங்கல்லும் நிலையும் சும்மா வந்த மாதிரி. இதெல்லாம் கிடைத்ததற்குக் காரணம் அந்தக் காலத்துச் சாந்து. மண்ணிலும் சுண்ணாம்பிலும் கட்டிய சுவரைப் பிரிக்கலாம். சிமெண்ட் சாந்தில் கட்டியதைப் பிரிக்கப் போனால் சாந்து விடாது, கல்தான் உடையும். வீடு கட்டும்போதே அது ஒருநாள் பிரிக்கப்படும் என்று யாராவது யோசிக்கிறோமா? எனக்கு அந்தக் குவியலுக்கு முன்னால் நின்றபோதுதான் தோன்றியது.

விழுந்த இடத்தில் இரண்டு அறை கட்ட வேண்டும். 16க்கு 12 ஒன்று, 10க்கு 12 ஒன்று. பழைய செங்கல் அடித்தளத்துக்குத்தான் காணும். மேலே சுவருக்கு என்ன செய்வது என்பதில் ஒரு மாதம் ஓடியது. சேம்பர் செங்கல் கடையில் உடனே கிடைக்கும். ஆனால் விளைநிலத்து மேல்மண்ணை வெட்டிச் சூளையில் சுட்டு வருவது. எங்கள் ஊரிலேயே செங்கல்லுக்கு மண் விற்ற இரண்டு வயல்கள் பக்கத்து வயலைவிட முழங்கால் பள்ளமாகி, மழை பெய்தால் தண்ணீர் கட்டிக்கொண்டு கிடக்கின்றன. அதைப் பார்த்துக்கொண்டே அந்தக் கல்லை வாங்க மனம் வரவில்லை. ஃப்ளை ஆஷ் கல் நல்ல பொருள்தான், அனல்மின் நிலையத்தில் குவியும் சாம்பலுக்கு ஒரு வழி. எங்கள் நிலம் களிமண்ணாகவோ கரிசலாகவோ இருந்திருந்தால் யோசிக்காமல் அதற்குத்தான் போயிருப்பேன். ஆனால் காலடியில் செம்மண் கிடக்கிறது. பக்கத்திலேயே ஆரோவில். அங்குள்ள எர்த் இன்ஸ்டிடியூட் பல வருடங்களாக அழுத்திய மண்கல்லில் மூன்று நான்கு மாடி வரை கட்டிக் காட்டியிருக்கிறது. சிறு வயதிலிருந்து அந்தக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டுதான் போய்வருகிறேன். சரி, மண்கல்லே போடுவோம் என்று முடிவெடுத்தேன்.

மண்கல் என்றதும் எந்த மண்ணும் ஆகும் என்று நினைக்கக் கூடாது. சரளை, மணல், வண்டல், களி நான்கும் ஒரு அளவில் இருக்க வேண்டும். சிமெண்ட் சேர்த்து அழுத்துவதற்கு அங்கே சொல்லும் பொது அளவு சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம். இதை வீட்டிலேயே பார்க்கலாம். காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் கால் பாகத்துக்குக் கொஞ்சம் மேலே மண்ணைப் போட்டேன். மேல்மண் வேண்டாம், அதில் வேரும் சருகும் இருக்கும். இரண்டடிக்குக் கீழே எடுத்த மண். தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, மூடியை இறுக்கி நன்றாகக் குலுக்கித் திண்ணையில் வைத்தேன். ஒரு நிமிடத்திற்குள் சரளையும் மணலும் அடியில் உட்கார்ந்துவிட்டன. பாட்டிலில் பேனாவால் ஒரு கோடு. முக்கால் மணி நேரம் கழித்து அதன்மேல் மெல்லிய பழுப்புப் படலம், அது வண்டல். இன்னொரு கோடு. மேலே தண்ணீர் டீ மாதிரியே இருந்தது. மறுநாள் காலை பார்த்தால் தண்ணீர் தெளிந்து, குங்குமம் குழைத்துப் பூசிய மாதிரி களி ஒரு தடிமனுக்கு உட்கார்ந்திருந்தது. ஸ்கேல் வைத்து அளந்தேன். சரளையும் மணலுமாக 52, வண்டல் 20, களி 28 சதவீதம். களி தண்ணீரில் ஊறி உப்புவதால் பாட்டிலில் காட்டுவது நிஜத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும். இருந்தாலும் அப்படியே அழுத்தினால் காயும்போது வெடிக்கும். நான்கு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு எம்-சாண்ட் சேர்த்தால் களி 22க்கு இறங்குகிறது. அதையே வைத்துக்கொண்டோம்.

மண்ணை வெளியிலிருந்து வாங்கவில்லை. எப்படியும் மழைநீருக்கு ஒரு குழி வேண்டும். கொல்லையில் மேல்மண்ணை ஓரடிக்கு வழித்துத் தனியே வைத்துவிட்டு, அதன் கீழே பத்துக்குப் பத்து, ஐந்தடி ஆழம் வெட்டினோம். 500 கன அடி மண். வழித்த மேல்மண்ணில்தான் இப்போது அம்மாவின் கத்திரிச் செடியும் முருங்கையும் நிற்கின்றன.

மண்ணை அழுத்திக் கல்லாக்கும் கை மெஷினை வாடகைக்கு எடுத்தோம். ஒரு கல் 24க்கு 24 செ.மீ., உயரம் 9 செ.மீ.; எடை 10 கிலோ. மண்ணைச் சலித்து, எடையில் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, பூவாளியில் தண்ணீர் தெளிக்க வேண்டும். எல்லாச் சூட்சுமமும் அந்தத் தண்ணீரில்தான். ஒரு கை கலவையை உருண்டையாகப் பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து கீழே விட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும். பொடியாகச் சிதறினால் ஈரம் போதாது, ஒரே கட்டியாக அப்பிக்கொண்டால் ஈரம் அதிகம். முதல் நாள் எங்களுக்கு இது பிடிபடவில்லை. மாசி வெயிலில் கலவை அரை மணி நேரத்தில் காய்கிறது. நாங்கள் காலையில் கலந்ததைப் பத்து மணி வரை அழுத்திக்கொண்டிருந்தோம். அன்று போட்ட 160 கல்லும் ஓரம் உதிர்ந்தது. இரண்டாம் நாளிலிருந்து சின்னச் சின்னக் கலவையாக, கலந்த உடனே அழுத்தினோம். ஆறு பேர் சேர்ந்து நாளைக்கு 350, பிறகு 400. ஒன்பது நாளில் 3,000 கல் தேறின. இரண்டு நாள் பிளாஸ்டிக் தாளால் மூடி, அப்புறம் வைக்கோல் போர்த்தி நான்கு வாரம் தண்ணீர் விட்டோம்.

மேஸ்திரிக்கு 60 வயதுக்கு மேல். மண்கல் அவருக்குப் புதிது. "மழையில கரைஞ்சா எம்பேருதான் கெடும் தம்பி" என்று கடைசி வரை தயங்கினார். நான்கு வாரம் ஆன கல் ஒன்றை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தொட்டித் தண்ணீரில் போட்டு வைத்தோம். மறுநாள் எடுத்தால் 900 கிராம் கூடியிருந்தது. விளிம்பு விரலுக்கு உதிரவில்லை. அவர் அதைக் கரணைக் காம்பால் தட்டிப் பார்த்து, காதருகே கொண்டுபோய் இன்னொரு முறை தட்டிப் பார்த்து, "கடைக்கால் போட்டுடலாம்" என்றார்.

சிமெண்ட் கணக்கை இங்கே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சிமெண்டே இல்லாத வீடு என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் 3,000 கல்லுக்கு 30 மூட்டை ஆயிற்று. சுவர் கட்டிய மண் சாந்துக்கு இன்னும் ஐந்து. இதே சுவரைச் செங்கல்லில் ஒன்பது அங்குலத்துக்குக் கட்டியிருந்தால் சாந்துக்கு 20 மூட்டை, இரு பக்கப் பூச்சுக்கு 12, 13 மூட்டை. ஆக சிமெண்டில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. மிச்சமானது வேறு: சுட வேண்டியிருந்த 8,000 செங்கல்லின் தீ, அந்தச் செங்கல்லுக்கான மேல்மண், லாரி ஓட்டம். மண்கல்லில் சிமெண்டைப் பயந்து பயந்து 8, 10 சதவீதம் என்று ஏற்றினால் இந்த மிச்சமும் கரைந்துவிடும். அதனால்தான் மண்ணைச் சோதித்து மணல் சேர்ப்பது அவ்வளவு முக்கியம். உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமெண்டால் வருகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளின் புகைகூட இல்லை. சுண்ணாம்புக்கல் சூட்டில் பிரியும்போது கல்லுக்குள்ளிருந்தே வெளியேறுவது. எந்த எரிபொருளைப் போட்டு எரித்தாலும் அந்தப் பங்கு குறையாது. வாங்கிய சிமெண்டையும் பிபிசியாக, அதாவது போர்ட்லண்ட் பொசோலானா சிமெண்டாக வாங்கினேன். அதில் ஒரு பங்கு அனல்மின் சாம்பல் என்பதால் மூட்டைக்குள் கிளிங்கர், அதாவது சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு எடுக்கும் சிமெண்டின் மூலக்கட்டி, அவ்வளவு குறைவு.

சுவர் கட்டியதில் சொல்ல அதிகம் இல்லை. பழைய கருங்கல் கடைக்கால், பழைய செங்கல்லில் இரண்டடி அடித்தளம், அதன்மேல் மண்கல். உள்ளும் வெளியும் பூச்சு இல்லை, இணைப்பை மட்டும் அழுந்தத் தேய்த்துவிட்டோம்.

கூரைக்கு வருவோம். காங்கிரீட் தளத்தின் கீழ்ப் பாதியில் கம்பிக்கு வேலை உண்டு, காங்கிரீட்டுக்கு அதிகம் இல்லை. அது கம்பியைப் பிடித்துக்கொண்டு வெறும் கனமாகத் தொங்குகிறது. அந்த இடத்தில் கூரை ஓடுகளை வைத்து நிரப்பலாம் என்பதைக் கேரளத்தில் லாரி பேக்கர் வீடு வீடாகச் செய்து பரப்பினார். எங்களிடம்தான் 340 ஓடு இருக்கிறதே. எஞ்சினியர் படம் போட்டுக் கம்பிக் கணக்கு கொடுத்தார். இதை மட்டும் யாரும் குத்துமதிப்பில் செய்ய வேண்டாம். சென்டரிங் பலகையில் சுண்ணாம்புக் கோடு கிழித்து, கம்பிக் கட்டத்துக்குள் இரண்டு இரண்டு ஓடாகக் கவிழ்த்து அடுக்கினோம். 130 ஜோடி. முந்தின நாளே ஓட்டை ஊறப்போட்டு வைத்தோம், இல்லாவிட்டால் காங்கிரீட்டின் தண்ணீரை ஓடு குடித்துவிடும். ஐந்து அங்குலத் தளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காங்கிரீட் மிச்சம். ஜோடி ஓட்டுக்கு நடுவே காற்று அடைபட்டு நிற்பதால் மதியச் சூடும் சீக்கிரம் இறங்குவதில்லை. சென்டரிங் பிரித்த அன்று அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார். தாத்தா காலத்து ஓடு கூரையின் உள்பக்கம் சிவப்புச் சிவப்பாகத் தெரிந்தது. பூசி மறைக்க வேண்டாம் என்று அன்றே சொல்லிவிட்டார்.

உடைந்த செங்கல் ஒன்றையும் வெளியே விடவில்லை. ஜல்லியாக உடைத்துச் சுண்ணாம்பில் கலந்து, மொட்டைமாடியில் தண்ணீர் வாட்டத்துக்குப் போட்டோம். நான்கு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்து அடித்து இறுக்கினார்கள். தொப்பென்று கேட்ட சத்தம் மூன்றாம் நாள் டக்கென்று மாறியது. அப்போதுதான் நிறுத்தினார்கள். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கோட்டு.

சன்னல் சட்டத்துக்கு மரம் வாங்கவில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது எங்கள் கொல்லை வேம்பு சாய்ந்தது. அப்பா அதை அறுத்துப் பலகையாகப் பரணில் அடுக்கி வைத்திருந்தார். பன்னிரண்டு வருடம் காய்ந்த வேம்பு. ஆசாரி இழைப்புளி போட்டதும் வீடே கசப்பாக மணத்தது. தரைக்குச் சிவப்பு ஆக்சைடு, நான்கு மூட்டை சிமெண்ட். ஆத்தங்குடிக் கல்லில் ஆசை இருந்தது. சூளையே இல்லாமல் கண்ணாடி மேல் வார்த்துக் காயவைக்கும் அருமையான கல். ஆனால் காரைக்குடிப் பக்கத்திலிருந்து இவ்வளவு தூரம் லாரியில் வர வேண்டும். விட்டுவிட்டேன்.

இந்த வேலையிலேயே நான் அதிகம் கற்றது புது அறையில் இல்லை, முன்கட்டில். பழைய சுண்ணாம்புச் சுவர். பத்து வருடத்துக்கு முன் அடியில் உதிர்கிறது என்று மூன்றடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசியிருந்தோம். அதிலிருந்து ஈரம் மூன்றடியைத் தாண்டி மேலே ஏறியது. உப்பு பூத்துப் பெயிண்ட் உரிந்தது. பழைய சுவருக்கு அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. தரை ஈரம் செங்கல் வழியாக ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக அவ்வப்போது ஆவியாகிப் போகும். அப்படித்தான் அது அத்தனை வருடம் நின்றது. நாங்கள் அந்த வாசலை அடைத்துவிட்டோம். சிமெண்டைக் கொத்தி எடுத்தபோது உள்ளே செங்கல் விரல் பட்டாலே மாவாகக் கொட்டியது.

மறுபடி சுண்ணாம்பே பூசுவது என்று கிளிஞ்சல் சுண்ணாம்புக்கு அலைந்தேன். முதலில் ஒரு கடையில் சுட்ட கிளிஞ்சல் என்று 8 மூட்டை வாங்கி வந்தேன். தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டால் பொங்கவேயில்லை. லேசாக வெதுவெதுப்பு, அவ்வளவுதான். எனக்கு அப்போது விவரம் தெரியாது; பூசிவிட்டோம். மூன்று வாரம் கழித்தும் கையால் தடவினால் கை வெள்ளையானது. மேஸ்திரி அப்போது வெளியூரில் ஒரு வேலையில் இருந்தார். வந்து பார்த்து, ஒரு துண்டைச் சுரண்டி நாக்கில் வைத்துத் துப்பினார். "செத்த சுண்ணாம்பு" என்றார். சுட்ட சுண்ணாம்பு காற்றுப் பட்டுக் கிடந்தால் ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொண்டு மூட்டையிலேயே அடங்கிவிடுமாம். அதன்பிறகு சுவரில் இறுகுவதற்கு அதில் எதுவும் மிச்சம் இருக்காது.

இரண்டாம் முறை சூளைக்கே போய், நெருப்பு ஆறிய அன்றே எடுத்து வந்தோம். அள்ளினால் காற்றாக இருந்தது; செத்த சுண்ணாம்புக்கு இந்த லேசு கிடையாது. தண்ணீர் பட்டதும் முதலில் ஒன்றுமில்லை. எண்ணிப் பத்து வரை போயிருக்கும், அடியிலிருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம். கிளிஞ்சல்கள் ஒவ்வொன்றாக வெடித்து மலர்ந்தன. தொட்டி முழுக்கச் சோறு கொதிக்கிற மாதிரி கொதித்து, ஆவி முகத்தில் அடித்தது. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அருகில் போகவே கூடாது, கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் ஆபத்து. மூன்று வாரம் தண்ணீருக்கடியில் ஊறவிட்டுச் சலித்தோம். வெண்ணெய் மாதிரி வந்தது. ஒன்றுக்கு இரண்டு மணல், அடிப்பகுதிக்கு மட்டும் மணலில் பாதிக்குச் செங்கல் தூள். சுண்ணாம்பும் செங்கல் தூளும் சேர்ந்தால் ஈரத்திலும் இறுகும். கடுக்காயும் வெல்லமும் பத்து நாள் ஊறிய தண்ணீரில் குழைத்தோம். மெல்லிய பூச்சாக மூன்று முறை, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு மெதுவாகக் காயவிட்டோம். வெயில் நேரே விழுந்த ஒரு மூலையில் முடி அளவு வெடிப்பு வந்தது. அதை மட்டும் மறுபடி தேய்த்தோம்.

நூறு கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ வாயுவாகப் போய் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். பூச்சு இறுகுவது அந்த வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டுதான். வருடக்கணக்கில் நடக்கும் வேலை அது. சூளையில் எரித்த எரிபொருளின் புகை திரும்பி வராது, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் சுவர் தன் பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் எங்கள் பக்கமே கரையேறி நகராமல் நின்றது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ. மழை. இரவு முழுக்க டார்ச்சோடு புது அறைக்குள் உட்கார்ந்து சுவரைத் தடவிக்கொண்டிருந்தேன். மேஸ்திரியின் முதல் வார்த்தைதான் காதில் ஓடியது. விடிந்ததும் கொல்லைக் குழி வாய்வரை நிறைந்திருந்தது. மூன்று பக்கச் சுவருக்கும் ஒன்றும் இல்லை. கிழக்குச் சுவரில் மட்டும் கீழிரண்டு வரிசை மண்கல்லின் முகம் அரை விரல் ஆழத்துக்கு அரித்திருந்தது. அந்தப் பக்கம்தான் தென்னை இடிக்கிறது என்று நான் தளத்தை வெளியே நீட்டாமல் நிறுத்தச் சொன்னது. காற்று அதே திசையிலிருந்து சாய்த்து அடித்திருக்கிறது. பூசாத மண்சுவருக்கு மேலே நிழல் மாதிரி ஒரு நீட்சி இருந்தே ஆக வேண்டும். அதில் மிச்சம் பிடித்தது என் தவறு.

தளர்ந்ததைத் துடைப்பத்தால் தேய்த்து எடுத்து, சலித்த செம்மண்ணில் சுண்ணாம்பு கலந்து அப்பி நிரப்பினோம். மிச்சம் இருந்த 80 ஓட்டில் 60 எடுத்து, வைத்திருந்த ஏழு பனங்கையில் தாங்கல் கொடுத்துக் கிழக்குப் பக்கம் இரண்டரை அடிக்குத் தாழ்வாரம் இறக்கினார் மேஸ்திரி. தென்னை மட்டைக்கு ஒரு இடத்தில் ஓடுகளை வெட்டி வழிவிட்டிருக்கிறார்.

முன்கட்டுச் சுவர் இப்போது அடிவரை காய்ந்திருக்கிறது. தொட்டியில் இன்னும் ஒரு முழத்துக்குச் சுண்ணாம்பு தண்ணீருக்கடியில் கிடக்கிறது. தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் கெடாது. குளியலறைச் சுவரில் பழைய சிமெண்டைக் கொத்தத் தொடங்கியாயிற்று. மேஸ்திரிக்குக் கை ஒழிந்ததும் அங்கேதான் அடுத்த பூச்சு.